முதலில் புதர், பிறகுதான் மரம்: உபின் கம்பத்து ஓரத்தில் பறவைகளுக்காக நட்டது

நட்ட கன்றில் எப்போது குருவி கூடு கட்டும் என்று புதிதாக வரும் தொண்டூழியர்கள் எல்லாரும் கேட்பார்கள். தெம்புசு என்ற பெருமரத்தைக் கேட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாது. இருவாட்சிப் பறவை நுழையும் பொந்து விழவேண்டும் என்றால் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்து பார்க்கச் சொல்லலாம். ஆனால் அதே துண்டு நிலத்தில் நட்ட புதரில் ஒன்றரை வருஷத்தில் கூடு இருக்கும். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கம்பத்து (கிராமத்து) ஓரமாக நடுகிற எங்கள் குழு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. முதலில் நட்ட துண்டில் எல்லாமே பெருமரக் கன்றுகள். இடையிடையே லாலாங் புல்தான் வளர்ந்தது.

முதலில் அனுமதி. அரசு நிலத்தில் நாமாகக் குழி தோண்டக் கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எந்த இடம், என்ன இனம் என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 2020-இல் பத்து லட்சம் மரத் திட்டம் தொடங்கியதிலிருந்து நடுவதற்கு ஆட்கள் நிறையவே வருகிறார்கள். இரண்டு வருஷம் களை பிடுங்க வருகிறவர்கள்தான் குறைவு. வீட்டுத் தொட்டியில் முளைத்த மாங்கன்றைக் கொண்டுவந்து நடலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். கூடாது. தீவின் சொந்த இனங்கள் மட்டும்தான், அதுவும் நாற்றுப்பண்ணையில் வெயிலுக்குப் பழக்கிய கன்றுகளாக இருக்க வேண்டும். நிழலில் வளர்ந்த கன்றை நேரே திறந்தவெளியில் வைத்தால் ஒரே வாரத்தில் இலை கருகி உதிரும்.

இடம் பார்க்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: உயரமாகப் புல் நிற்கும் வெற்றிடத்தைப் பார்த்ததும் 'சும்மா கிடக்கிறதே' என்று தோன்றும். அது சும்மா கிடக்கவில்லை. தூக்கணாங்குருவி அந்தப் புல்லைத்தான் நாராகக் கிழித்துக்கொண்டு போய்க் கூடு பின்னுகிறது. ஆண் குருவி தலைக்கவசம் மாதிரிப் பாதிக்கூடு கட்டித் தொங்கவிடும்; பெண் வந்து பார்த்து, அதற்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டும். அதனால் ஒரு மரத்தில் பாதிக்கூடுகள் பல தொங்கினால் பறவைகள் ஓடிப்போய்விட்டன என்று பொருளில்லை. சில்லைக் குருவிகளும் செண்பகப் பறவையும் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. புல்வெளி முழுவதையும் மரமாக்கினால் இருந்த கூட்டையும் அழித்ததாகிவிடும். நாங்கள் புல்வெளியின் விளிம்பில், ஏற்கெனவே இருக்கும் காட்டை ஒட்டித்தான் நடுகிறோம்.

காலம் அக்டோபர் கடைசியும் நவம்பரும். அப்போது பிற்பகல் இடிமழை இருக்கும். தொடர்ந்து டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி வாக்கில் வறண்ட காற்று வீசத் தொடங்குவதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டு பிப்ரவரியில் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும்: 100 கன்று, கன்றுக்கு 10 லிட்டர் என்றால் ஒரு தடவைக்கு 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் தண்ணீர். உபினில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கம்பத்து வீடுகளில் கிணறுதான். கம்பத்துப் பெரியவரான பக்சிக்கிடம் கேட்டால் இரண்டு வாளி தருவார்; ஒரு டன் கேட்க முடியாது. இன்னொன்று, பிப்ரவரி முதல் ஜூலை வரை பல பறவைகள் மும்முரமாகக் கூடு கட்டும் காலம். அந்த மாதங்களில் புதர் வெட்டி இடம் சரிசெய்யக் கூடாது.

இருபதுக்கு இருபது மீட்டர் துண்டு, இரண்டு மீட்டர் இடைவெளி: 100 கன்று. இதை நாங்கள் இப்போது பிரிக்கும் விதம்: 40 புதர், 35 வேகமாக வளரும் மரம், 20 பழமரம், 5 பெருமரம். புதரில் முதலிடம் சிம்போ ஆயருக்கு. ஒரு காலத்தில் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) மடிக்கப் பயன்பட்ட அந்தப் பெரிய இலைதான். கிட்டத்தட்ட எல்லா நாளும் பூக்கும். பழம் விடியலுக்கு முன்பே நட்சத்திரம் போல வெடித்துவிடும்; உள்ளிருக்கும் சிவப்புச் சதையைத் தின்னச் சின்னான் குருவிகள் காலையிலேயே வந்துவிடும். அடுத்தது செந்துடோக். ஊதாப்பூ, வாயில் போட்டால் நாக்கு கருநீலமாகும் பழம், எந்த மட்டமான மண்ணிலும் நிற்கும். வேகமாக வளரும் மரத்துக்கு மஹாங் வகைகளும் நீர்ப்பரத்தியும். இவை நிழல் போட்டால்தான் லாலாங் அடங்கும். வெட்டி வெட்டி அதை ஒழித்தவர் யாரும் கிடையாது.

பழமரத்தில் அத்தி இனங்களை விட்டால் கதியில்லை. மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்று சொல்லும் இச்சி, தண்டிலேயே குலைகுலையாகக் காய்க்கும் அத்தி, கூடவே நாவல் குடும்பத்து சலாம். ஒரே இன அத்தி மரங்கள்கூட ஒரே நேரத்தில் காய்க்காது. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். அதனால் ஒன்றிரண்டு நட்டால் போதாது, நாலைந்தாவது வேண்டும். அப்போதுதான் பச்சைப்புறாவுக்கும் இருவாட்சிக்கும் வருஷம் முழுக்க ஏதாவது இருக்கும். ஆனால் இச்சியை வீட்டுச் சுவர், கிணறு, பழைய வடிகால் பக்கத்தில் வைக்கவே கூடாது. 15 மீட்டராவது தள்ளி வையுங்கள். கடைசி ஐந்தில் தெம்புசுவும் புலாயும். தெம்புசு என்றால் தெரியாதவர்கள் ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தைப் பார்க்கலாம்.

நேர்க்கோட்டில் நட வேண்டாம். புதர்களை ஐந்தாறாகக் கொத்துக் கொத்தாக நெருக்கி நடுங்கள். தனியாக நிற்கும் புதரில் கட்டும் கூடு காக்கைக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

நடும் நாள் வேலையில் குழிதான் முக்கால்வாசி. 20 சென்டிமீட்டர் தொட்டியில் வந்த கன்றுக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் அகலம், ஆழம் தொட்டியின் உயரம் மட்டும். ஆழமாகத் தோண்டுவதில் ஒரு வீரம் இருக்கிறது, முக்கியமாக முதல் தடவை சங்குல் (மண்வெட்டி) பிடிக்கிற இளைஞர்களுக்கு. தளர்ந்த மண் பிறகு அமுங்கும். கன்று உள்ளே இறங்கும். தண்டும் வேரும் சேருமிடம் மண்ணுக்குள் போய் அழுகும். அந்தக் கழுத்து தரை மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நின்றாலும் பரவாயில்லை, கீழே போகக் கூடாது. களிமண்ணாக இருந்தால் சங்குல் வழித்த பக்கச் சுவர் சட்டி போல வழவழப்பாகிவிடும், வேர் துளைக்காது. கையால் கிளறும் முள் கரண்டியால் சுவரைச் சுற்றிக் கீறிவிடுங்கள். பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வடியவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

கறுப்புப் பையைக் கிழித்து முழுதாக எடுக்க வேண்டும். அடியில் மட்டும் கீறிவிட்டு நட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். தொட்டியின் வடிவிலேயே சுற்றிய வேர் இருந்தால் நாலு பக்கமும் கத்தியால் மேலிருந்து கீழாக ஒரு கீறல். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டுக் கையால் அமுக்கினால் போதும், காலால் மிதிக்க வேண்டாம். குழிக்குள் உரம் தேவையில்லை. மேலே ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்தூள், இலை மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக இருக்கட்டும்.

கன்று தானாக நின்றால் கம்பு தேவையில்லை. ஆடினால் ஒன்றரை மீட்டர் மூங்கில், எட்டு வடிவில் தளர்வான கட்டு, ஆறு மாதத்தில் அவிழ்க்க வேண்டும். மூங்கிலை வெட்டும்போது கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுவுக்கு மேல் ஒரு சாண் விட்டால் அது ஒரு குவளை. மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏற்கெனவே நட்டுவிட்ட கம்பு என்றால் வாயில் மணலை அடைத்துவிடுங்கள். பறவைக்கு வீடு கட்டப் போய்க் கம்பத்துக்கு டெங்கியைக் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

ஏற்றிச் செல்வதும் யோசிக்க வேண்டியதே. ஈரத் தொட்டியோடு ஒரு கன்று நாலு கிலோ. சாங்கி பாயிண்டிலிருந்து போகும் பம்போட் என்ற சிறு படகில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். கன்றுகளை முந்தைய நாளே தனிப் படகில் அனுப்பி, நிழலில் வைத்து நீர் தெளித்துவிடுவது நல்லது. படகில் நேரே காற்றில் நின்ற கன்றின் இலை வாடிவிடும்.

நட்ட பிறகு கன்று சாவதற்குப் பெரிய காரணம் வறட்சி என்றுதான் நினைத்திருந்தோம். அது மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. முதல் இடம் புல்வெட்டும் இயந்திரத்துக்கு. அதன் நைலான் கயிறு ஒரு தடவை தண்டைச் சுற்றித் தொட்டால் பட்டை உரிந்துவிடும். கன்று உடனே சாகாது, இரண்டு மாதம் கழித்துச் சாகும். அதனால் யாரும் காரணத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் அரை மீட்டர் வட்டத்தைக் கையால் களை எடுத்து, ஒரு மீட்டர் உயரத்தில் சிவப்பு நாடா கட்டினால் இது பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாம் இடம் காட்டுப்பன்றிக்கு. மூடாக்குக்கு அடியில் மண்புழு சேரும், பன்றி மோப்பம் பிடித்து ஒரே இரவில் பத்துக் கன்றைப் புரட்டிப் போடும். காய்கறிக் கழிவு கலந்த உரத்தை மூடாக்கில் போடவே கூடாது. மூடாக்கின் மேல் முள்ளுள்ள கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புகிறோம்; பெருமரக் கன்றுகளுக்கு மட்டும் கம்பி வலை வளையம். குரங்குகள் கன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போட்டுவிடும். தூக்கணாங்குருவி குரங்குக்குப் புத்தி சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். நாங்களும் சொல்வதில்லை, மறுநாள் போய்த் திரும்ப நட்டுவிடுகிறோம். வேர் காயாமல் இருந்தால் பிழைக்கும்.

பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. தானியம் தின்னும் தூக்கணாங்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். இலையில் ஓட்டை விழுந்தால் குஞ்சுக்குச் சாப்பாடு தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முசுறு எறும்பு இலைகளைப் பின்னிக் கூடு வைத்திருந்தாலும் கலைக்க வேண்டாம், முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். அதோடு, பறவைகளை வரவழைக்கச் சோறு, ரொட்டி போடும் பேச்சே வேண்டாம். காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். தீனிக்கு வருவதும் பெரும்பாலும் மைனாவும் காக்கையும்தான்.

பொந்தில் கூடு வைக்கும் பறவைகளுக்கு நட்டு உதவ முடியாது. இருப்பதை விட்டுவைத்துத்தான் உதவ முடியும். பட்டுப்போன தென்னை பார்க்க அசிங்கம்தான். ஆனால் மரங்கொத்தி, மீன்கொத்தி, நெடுவால் கிளி எல்லாவற்றுக்கும் அதுதான் அடுக்குமாடி. பாதையோரமாகச் சாய்ந்து நின்றால் ஆபத்து, தகுதியுள்ளவர்கள் வந்து பார்க்கட்டும். உள்ளே தள்ளி நிற்பதை வெட்டச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். இருவாட்சி கதையும் இதுதான். நூறு வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் கூடு கட்டாமலிருந்த பறவை 1994-இல் உபினில் தென்பட்டது, 1997-இல் குஞ்சு பொரித்தது. பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி, ஒரு கீறல் மட்டும் விட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆண் அந்தக் கீறல் வழியாக அத்திப்பழம் ஊட்டும். அவ்வளவு பெரிய பொந்துள்ள மரங்கள் போதவில்லை என்பதால்தான் 2004-இல் கூட்டுப்பெட்டி வைக்கும் திட்டம் தொடங்கியது. இப்போது வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பேட்டைகளிலேயே இருவாட்சி பறக்கிறது. நாம் ஆசையோடு வளர்த்த புதரில் சின்னான் குஞ்சைத் தூக்கித் தின்பதும் சில சமயம் அதுதான், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. சிறு பெட்டிகளைத் தொண்டூழியர்கள் தாமாக மாட்ட வேண்டாம்: மைனா நுழையும் அளவுக்குத் துளை இருந்தால் குண்டுகரிச்சானுக்கு முன்னால் மைனா குடியேறிவிடும்.

சரிபார்க்கப் போவது ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களில். ஒவ்வொரு கன்றுக்கும் எண் இருந்தால்தான் எது செத்தது, எங்கே செத்தது என்று தெரியும். களை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். வாயில் புழுவோடு ஒரே இடத்துக்கு ஒரு பறவை திரும்பத் திரும்பப் போனால் அங்கே கூடு இருக்கிறது. படம் எடுக்கக் கிளையை ஒதுக்கிக் கட்டாதீர்கள். வெயில் நேரே விழுந்தாலே குஞ்சு செத்துவிடும்.

பதினெட்டாவது மாதம் சிம்போ ஆயர் கொத்து ஒன்றில் கொடி பிடுங்கும்போது இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டு தனியாக வரமாட்டேன் என்றன. குனிந்து பார்த்தால் விளிம்பு நெடுகச் சிறு துளைகள், ஒவ்வொன்றிலும் சிலந்தி நூலின் வெண்முடிச்சு, நடுவில் பஞ்சு. தையல்சிட்டின் கூடு. கைக்கும் கூட்டுக்கும் ஒரு விரல் தூரம்கூட இல்லை. அந்தக் கொத்தை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் நாடா கட்டிவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது கூடு காலி, இலை பழுத்திருந்தது. பக்கத்திலிருந்த புலாய்க் கன்றைக் கொடி உச்சி வரை மூடியிருந்தது. அதை மெதுவாகப் பிரித்தெடுக்க இரண்டு பேருக்கு ஒரு காலைப் பொழுது ஆனது.