முகமது ஷாகித்தின் இடது கை

ஜூலை 20 வந்தாலே முகமது ஷாகித் ஞாபகம்தான். 2016-ல் இதே நாளில் மறைந்தார், வாரணாசிக்காரரான இந்த ஹாக்கி வீரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோமே, அதில் நம் நான்காவது கோல் அவருடையது. ஆனால் ரசிகர்கள் இன்றைக்கும் பேசுவது, பந்தை மட்டையால் தட்டித் தட்டி எதிராளிகளைத் தாண்டிக் கொண்டுபோகும் அந்த டிரிபிளிங்கைத்தான்.

பழைய வீடியோ கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு கைகளைப் பாருங்கள். மட்டையைத் திருப்புவது மேலே பிடித்திருக்கும் இடது கைதான். நடுவில் இருக்கும் வலது கை தளர்வான வளையம் மாதிரி. மட்டை அதற்குள் சுழலும். வலது கையை இறுக்கினால் மட்டை பாதிதான் திரும்பும், பந்து மட்டையின் உருண்டையான பின்பக்கத்தில் படும், உடனே ஃபவுல். பந்து காலுக்கு ரொம்பக் கிட்டே வந்தால் தலை குனிந்துவிடும், எதிரே வரும் டிஃபெண்டர் தெரியமாட்டார்.

அப்புறம் அந்தப் பாஸ்! பாதி தள்ளல், பாதி அடி. மட்டையை முழுசாக ஓங்காததால் பந்து எப்போது கிளம்பும் என்றே எதிராளிக்குப் புரியாது. என்ன அழகு!