மெசோஅமெரிக்கச் சிற்பங்கள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் கலை வரலாற்றை விருப்பத் தாளாக எடுத்திருந்தேன். அதில் மெசோஅமெரிக்கா (ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவிலும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவிலும் இருந்த பண்பாடுகள்) ஒரு அலகு. முதல் இன்டர்னல் தேர்வில் வட்டக் கல் ஒன்றின் படத்தைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். வட்டமாக இருக்கிறதே, நாட்காட்டிதான் என்று முடிவு செய்து, அங்கிருந்த பண்பாடுகளில் ஒன்றான மாயாவின் நாட்காட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். அது இன்றைய மெக்சிகோ நகரின் இடத்தில் தலைநகர் வைத்திருந்த ஆஸ்டெக் மக்களின் கோயோல்ஷாவ்கி என்ற தெய்வத்தின் கல். 10க்கு 2 மதிப்பெண். அதன்பின் செமஸ்டருக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் படிப்பை எப்படி மாற்றிக்கொண்டேன் என்பதை, இந்தத் தாளை இப்போது எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

என் பழைய நோட்ஸில் ஒவ்வொரு பண்பாட்டுக்கும் இடம், காலம், சிறப்புகள் என்று ஒரே மாதிரி பட்டியல் இருந்தது. மனப்பாடம் செய்தால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு சிற்பமும் எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் என்னைக் கவிழ்த்த அந்தக் கல்லையே எடுத்தேன். 1978 பிப்ரவரி 21, மெக்சிகோ நகரின் மையம். மின்சாரத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டும்போது அது தட்டுப்பட்டது. குறுக்களவு சுமார் 3.25 மீட்டர், எடை சுமார் 8 டன். தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் அதில் கிடக்கிறாள். ஆஸ்டெக் கதையில் கோயோல்ஷாவ்கி தன் தாய் கோவாட்லிக்குவேயைக் கொல்லக் கிளம்புகிறாள். அந்த நேரத்தில் ஆயுதத்தோடே பிறந்த தம்பி விட்சிலோபோச்ட்லி அவளை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். கல் கிடைத்த இடம் ஆஸ்டெக் தலைநகரின் பெருங்கோயிலில் விட்சிலோபோச்ட்லியின் சன்னதிக்கு ஏறும் படிக்கட்டின் அடிவாரம். கோயில்தான் அந்த மலை; அவள் உருண்டு வந்து விழுந்த இடத்திலேயே கல்லைப் பதித்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தொல்லியலாளர் எதுவார்தோ மாதோஸ் மோக்தெசுமா தலைமையில் அங்கே பெரிய அகழாய்வு தொடங்கக் காரணமும் இந்தக் கல்தான். விடையில் அளவை மறந்தாலும் பரவாயில்லை, படிக்கட்டை மறக்காதீர்கள்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று பயப்பட வேண்டாம். பொருளைத் தெரிந்துகொண்டால் சிலையையே அடையாளம் காணலாம். கோயோல்ஷாவ்கி என்றால் மணிகள் அணிந்தவள்; கன்னத்தில் மணி இருக்கும். கோவாட்லிக்குவே என்றால் பாம்புப் பாவாடைக்காரி. பாவாடை முழுக்கப் பின்னிய பாம்புகள். அந்தத் தாயின் சிலை 1790 ஆகஸ்டிலும், நடுவில் முகம் செதுக்கிய பெரிய வட்டக் கல்லான ஆஸ்டெக் சூரியக் கல் அதே ஆண்டு டிசம்பரிலும், நகரின் பெரிய சதுக்கத்தில் வேலை நடந்தபோது வெளிவந்தன. மெக்சிகோ அறிஞர் லியோன் இ காமா 1792இல் இரண்டையும் பற்றி நூல் வெளியிட்டார். சூரியக் கல்லைப் பேராலயத்தின் சுவரில் பொருத்தி வைத்தார்கள். தாயின் சிலையைப் பல்கலைக்கழக வளாகத்தில் மறுபடியும் மண்ணுக்குள் புதைத்தார்கள். ஒரே ஆண்டில் கிடைத்த இரண்டு கற்களுக்கு இரண்டு விதி. இந்த வேறுபாட்டை ஒரு வரியாவது எழுதுங்கள்.

அடுத்து ஒல்மெக், மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஆஸ்டெக்குக்கு வெகு காலம் முன்பு இருந்த பண்பாடு. இங்கேதான் அதிக நாள் செலவழித்தேன், அதற்குத் தகுதியான பகுதிதான். இதுவரை தெரிந்த மாபெரும் கல் தலைகள் 17: சான் லொரென்சோவில் 10, லா வென்டாவில் 4, ட்ரெஸ் சபோடெஸில் 2, லா கோபாட்டாவில் 1. எல்லாம் துஸ்த்லா மலைப் பகுதியின் பசால்ட் என்ற எரிமலைக் கல். வண்டியும் இல்லை, இழுவை மாடும் இல்லை. அத்தனை டன் கல்லை மனித உழைப்பால் நகர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு தலையின் கவசத்திலும் அலங்காரம் வேறு. நான் கவசங்களை மட்டும் பென்சிலால் வரைந்து பழகினேன். அப்போதுதான் இவை தனித்தனி ஆட்சியாளர்களின் முகங்கள் என்ற கருத்து மனதில் நின்றது. முதல் தலையைப் பற்றி 1869இல் எழுதிய மெல்கார் அதில் ஆப்பிரிக்க முகத்தைக் கண்டார். இணையத்தில் இன்றும் அந்தப் பேச்சு சுற்றுகிறது. அதற்குத் தொல்லியல் சான்று கிடையாது, விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

காலக் கணக்குக்கு ட்ரெஸ் சபோடெஸின் 'சி' நடுகல்லைப் படியுங்கள். தொல்லியலாளர் மேத்யூ ஸ்டிர்லிங் 1939இல் கண்டெடுத்தது கீழ்ப்பாதி மட்டும். அதில் தேதி ஐந்து எண்களால் எழுதப்பட்டிருக்கிறது; ஒரு தொடக்க நாளிலிருந்து கழிந்த நாட்களைப் பெரிய அலகிலிருந்து சிறிய அலகுவரை எண்ணும் முறை இது. அதன் முதல் எண் உடைந்து போயிருந்தது. அது 7ஆக இருக்க வேண்டும் என்று அவர் மனைவி மரியன் கணக்கிட்டார். அப்படியானால் 7.16.6.16.18, அதாவது கி.மு. 32. முதல் எண்ணில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சுமார் 394 ஆண்டு தள்ளிப்போகும் என்பதால், பலர் ஏற்கவில்லை. 1969இல் மேல்பாதி கிடைத்தது. அதில் இருந்தது 7. புள்ளி என்றால் 1, கோடு என்றால் 5. 16க்கு மூன்று கோடும் ஒரு புள்ளியும். கையால் எழுதிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தக் கல் ஒல்மெக்குக்குப் பிந்தைய காலத்தது. லா வென்டா கி.மு. 400 வாக்கிலேயே கைவிடப்பட்டுவிட்டது.

மாயாவில் பலெங்கே என்ற ஒரு நகரை நன்றாகப் படித்தால் போதும். அங்குள்ள ஒரு கோயிலின் தரைக் கல்லில் இருந்த துளைகளைக் கவனித்த தொல்லியலாளர் அல்பெர்தோ ரூஸ், இடிபாடு நிரம்பிய படிக்கட்டைப் பல பருவங்கள் சுத்தம் செய்து, 1952இல் பகால் மன்னரின் கல்லறையை அடைந்தார். அங்கே சிற்பங்களுக்குச் சுண்ணாம்புக்கல், இன்னொரு மாயா நகரான கோபானில் எரிமலைச் சாம்பல் கல். கல்லின் வகையைக் குறிப்பிட்டால் விடைக்குத் தனி எடை வரும்.

செமஸ்டரில் லா வென்டா பற்றிய கேள்வி வந்தது. 1955இல் அகழ்ந்தெடுத்த நான்காம் காணிக்கையை (அங்கே மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த படையல்களில் ஒன்று) எழுதினேன். மணலில் நிறுத்திய 16 சிறு உருவங்கள், பின்னால் 6 கல் கோடரிகள். ஒரே ஒரு உருவம் வேறு கல்லில் செய்யப்பட்டு, கோடரிகளுக்கு முதுகு காட்டி நிற்கிறது; மற்றவை அதைச் சூழ்ந்திருக்கின்றன. புதைத்தவர்களின் காலத்துக்குப் பின் யாரோ மேலிருந்து குழி தோண்டி, தலைகள் தெரியும்வரை பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் மூடியிருக்கிறார்கள். எதற்காகப் பார்த்தார்கள், யாரிடம் அந்த இடம் நினைவில் இருந்தது? படம் வரைய ஏழு நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன். முதலில் 16 உருவங்களையும் மேலே அந்தக் குழியையும் வரைந்துவிட்டு, அப்புறம்தான் எழுத ஆரம்பித்தேன்.