பள்ளத்துக்கு ஒரு தடுப்பணை: மனுவிலிருந்து மதகுச் சாவி வரை

எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை முள்வேலியுமாகக் கிடக்கும் மேட்டாங்காடுகளில் பெய்கிற மழையை வாரிக்கொண்டு போய் அமராவதியில் சேர்க்கிற பள்ளங்களில் ஒன்று எங்கள் ஊரை ஒட்டிப் போகிறது. வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் ஓடும். மீதி நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலும்தான். அதன் குறுக்கே தடுப்பணை கேட்டு 2018இல் மனு கொடுத்தோம், 2023இல் கட்டி முடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து "எப்படிங்க வாங்குனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

2016 வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது நினைவிருக்கும். 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எண்பது அடிக் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. நான் ஆயிரத்து நூறு அடிக்குப் போர் போட்டேன், புகைதான் வந்தது. நாற்பது தென்னை மொட்டையானது. மறு வருஷம் கன்னிமார் கோயில் பொங்கலன்று ஊர் கூடியபோது, இப்படியே விட்டால் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இருக்காது என்று பேச்சு எழுந்தது. கோயிலுக்கு எதிரே பள்ளத்தில் ஆறடி உயரத்துக்கு ஒரு தடுப்பணை கட்டினால் போதும் என்று எல்லாரும் சொன்னோம். ஏன் ஆறடி என்று யாரும் கேட்கவில்லை. ஏன் கோயிலுக்கு எதிரே என்றும் கேட்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் என் தோட்டம் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து, இந்தப் பள்ளம் எங்கள் பராமரிப்பில் இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் கைகாட்டிய இடத்தில் கொடுத்தால், அங்கேயும் அதே பதில். உடன் வந்த பங்காளி ஒருவர் நொந்துபோய், "காலிங்கராயன் எந்த ஆபீசுல மனுக் குடுத்துட்டு வாய்க்கா வெட்டுனாரு?" என்றார். பவானியில் அணைக்கட்டு கட்டி 1283இல் வாய்க்கால் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன்தான் எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் எடுத்துக்காட்டு. ஆனால் அது வேறு, இது வேறு என்பதே எனக்கு அப்போது தெரியாது. காலிங்கராயன் கட்டும் கொடிவேரியும் ஓடுகிற ஆற்றை மறித்து, மட்டத்தை உயர்த்தி, வாய்க்காலுக்குத் திருப்புகிற அணைக்கட்டுகள். அங்கே ஆறு வந்துகொண்டிருக்கும். எங்கள் பள்ளத்தில் திருப்ப எதுவும் இல்லை. வருவதை நாலு நாள் நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதுதான் வேலை.

சரி, மனு விஷயம். எங்களுக்கு வழி காட்டியது கிராம நிர்வாக அலுவலர்தான். ஊரின் நிலக் கணக்கான அ பதிவேட்டில் பள்ளத்தின் புல எண்ணைப் பார்த்து, ஓடை புறம்போக்கு என்று இருப்பதை நகலாக எடுத்துக் கொடுத்தார். புல வரைபடமும் சேர்த்து வைத்தோம். அதுவரை எங்கள் மனுவில் 'கன்னிமார் கோயில் அருகில்' என்று மட்டும்தான் இருந்தது. எங்கள் தாலுகாவில் எத்தனை கன்னிமார் கோயில் இருக்கிறது என்று எண்ணி முடியாது. புல எண்ணோடு போன மனுவுக்குத்தான் கோப்பு எண் கிடைத்தது. அந்தக் கோப்பு எட்டு மாதம் அசையாமல் கிடந்தபோது, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இட ஆய்வு நடந்ததா என்று இரண்டே கேள்வி. முப்பது நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்தது: 'இட ஆய்வு மேற்கொள்ளப்பட உள்ளது'. அடுத்த வாரமே ஜீப் வந்தது. சண்டை போடுகிற தொனியில் எழுதியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வந்தவர் உதவிப் பொறியாளர், என் மகள் வயசு. மட்டம் பார்க்கும் கருவி, அளவுக்கோல், இரண்டு பணியாளர்கள். நாங்கள் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று நின்றோம். அவர் மூன்று நாள் வந்தார். பள்ளத்தின் நீளவாக்கில் ஒரு கிலோமீட்டருக்கு மட்டம் எடுத்தார். பிறகு குறுக்கே எடுத்தார். நாங்கள் காட்டிய இடத்தில் சோதனைக் குழி தோண்டச் சொன்னார். பதினான்கு அடி போயும் மணல், மணல்.

"ஐயா, இங்க சுவர் வெச்சா அடியில ஊறுற தண்ணி கீழ்ப்பக்கம் மணலை அரிச்சுட்டு வெளிய வரும். கொஞ்ச நாள்ல சுவர் மட்டும் தொங்கிட்டு நிக்கும்" என்றார்.

ஆழமாகக் கட்டலாமே என்றேன். அப்போதுதான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த ஐந்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் அந்த ஒரு தாள்தான்.

அந்த இடத்துக்கு மேலே நீர்பிடிப்புப் பரப்பு சுமார் 30 சதுர கிலோமீட்டர். ரைவ்ஸ் சூத்திரம் என்று ஒன்று உண்டு, பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்துக்காக உண்டாக்கியது. பரப்பை வைத்து, பெருவெள்ளத்தில் எவ்வளவு வரும் என்று மதிப்பிடுவது. கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், மலை பக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அதில் பெருக்கும் எண் மாறும். எங்கள் பள்ளத்துக்கு விநாடிக்கு ஏறக்குறைய 80 கனமீட்டர், அதாவது 2,800 கனஅடி என்று வந்தது. "இந்தப் பள்ளத்துலயா?" என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பள்ளம் அங்கே 30 மீட்டர் அகலம். அவ்வளவு நீரும் சுவரின் மேல் வழிந்து போகவேண்டுமானால், சுவருக்கு மேலேயே நாலரை அடி நிற்கும். நாங்கள் கேட்ட ஆறடியோடு சேர்த்தால் பத்தரை அடி. அந்த இடத்தில் கரையோ எட்டடி.

"மீதி ரெண்டரை அடித் தண்ணி எங்க போகும், சொல்லுங்க?"

கன்னிமார் கோயிலுக்குள் போகும். என் தோட்டத்துக்குள்ளும் போகும். அப்பா காலத்து வெள்ளம் ஒன்று கோயில் திண்ணையைத் தொட்டதாகச் சொல்வார்கள், அது அணை எதுவும் இல்லாதபோதே. அந்தத் திண்ணை மட்டத்தையும் அவர் அளந்து குறித்துக்கொண்டார். எங்கள் ஊர் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பள்ளத்தில் தண்ணீர் வந்த நாளையெல்லாம் தினசரிக் காலண்டர் தாளில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். பதினோரு வருஷத் தாள்கள் அரிசிப் பையில் கிடந்தன. அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது பொறியாளர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, இளநீர் கொடுத்தபோது நான் பார்க்கவில்லை. தடுப்பணை கேட்கிற ஊர்க்காரர்கள் இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு இதை எழுதத் தொடங்குங்கள்.

இரண்டாவது இடம் அறுநூறு மீட்டர் மேலே. பாறை வெளியே தெரிகிறது, இரு கரையும் பன்னிரண்டு அடி. சுவர் ஒரு மீட்டர் போதும் என்றார். தண்ணீர் 250 மீட்டர் தூரத்துக்குத் தேங்கும், மொத்தம் 37 லட்சம் லிட்டர் சொச்சம். லட்சக்கணக்கில் கேட்டதும் எங்களுக்குக் குளிர்ந்துவிட்டது. மரத்துக்கு நாளுக்கு 80 லிட்டர் என்று வைத்தால், நூறு ஏக்கர் தென்னைக்கு இது ஒரு வாரம் வராது என்று அதையும் அவரே சொன்னார். ஒரு முறை எவ்வளவு தேங்குகிறது என்பதைவிட, மழைக்காலத்தில் எத்தனை முறை நிரம்பி எத்தனை முறை இறங்குகிறது என்பதுதான் கணக்காம்.

அந்த இரண்டாவது இடத்தின் இடக்கரையில் இருப்பது யாருடைய தோட்டம்? இட்டேரித் (வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம்) தகராறில் என்னோடு பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவருடையது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. பின்வாங்கினால் ஊர் என்ன பேசும் என்ற பயத்தில்தான் நின்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை.

எதிர்ப்பு கீழே இருந்து வந்தது. இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு குளம் இருக்கிறது. பள்ளத்திலிருந்துதான் அதற்கு நீர். மேலே அணை வருவதாகக் கேள்விப்பட்டு அவர்களும் மனுக் கொடுத்தார்கள். ஊராட்சி அலுவலகத் திண்ணையில் இரு ஊரும் உட்கார்ந்தோம். பொறியாளர் தன் கணக்கைச் சொன்னார்: விநாடிக்கு 5 கனமீட்டர் வந்தாலே பதின்மூன்று நிமிஷத்தில் இந்த அணை நிரம்பி வழிந்துவிடும், வெள்ளத்தில் உங்களுக்கு நஷ்டம் தெரியவே தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கீழூர்ப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளம் வர்ற வருசத்துக்கு நாங்க ஏனுங்க அம்மிணி வழக்குக்கு வர்றோம்? வராத வருசத்துக்குத்தான் வந்திருக்கறோம்" என்றார். பொறியாளரிடம் அதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. இன்னொருவர் வட்டமலைக்கரை ஓடை அணையை இழுத்தார். வெள்ளகோயில் பக்கத்தில் அது எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தது என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை.

நாலு கூட்டத்துக்குப் பிறகு வந்த உடன்பாடு இது. சுவரில் மணல்போக்கி மதகு ஒன்று வைக்க வேண்டும். பருவத்தின் முதல் வரத்து முழுக்கத் திறந்த மதகு வழியாகக் கீழே போக வேண்டும், மண்ணும் அதோடு போகும். கீழூர்க் குளத்துக்கு நீர் சேர்ந்த பிறகுதான் மூட வேண்டும். மதகுச் சாவி கீழூர்க்காரரிடம், அதாவது அந்தப் பெரியவரிடமே இருக்க வேண்டும். அரசாங்கக் காகிதம் எதிலும் இது இல்லை. ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

அதற்கப்புறம் கோப்பு நகர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தனியார் நிலம் மூழ்காது என்று வருவாய்த் துறைச் சான்று. மதிப்பீடு தயாரான கையோடு கொரோனா வந்தது. விலைப்பட்டியல் மாறியதால் மறுபடி மதிப்பீடு. 2021இல் தேர்தல், பிறகு பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத்துறை தனியாகப் பிரிந்தது. 2022இல் நபார்டு என்கிற வேளாண் வளர்ச்சி வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியில், வேறு பல தடுப்பணைகளோடு ஒரே பட்டியலில் எங்களுடையதற்கும் ஒப்புதல் வந்தது. தனித்தனியாகப் போனால் நடக்காது, மொத்தமாகப் பட்டியல் போகும்போது அதில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆய்வு முடிந்து தயாராக இருக்கும் கோப்புதான் ஏறும். எங்கள் அதிர்ஷ்டம், தகராறு எல்லாம் முன்னாடியே தீர்ந்திருந்தது. (அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு பவானி உபரிநீர் போகிறதே, நமக்கு ஏன் இல்லை என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நாம் அந்தப் பக்கமே இல்லை, அமராவதிப் பக்கம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

கட்டியது 2023 கோடையில். ஒப்பந்ததாரர் ஆட்கள் கான்கிரீட் போட்டுவிட்டு, அது இறுகத் தண்ணீர் விட்டு நனைக்காமல் ரெண்டு நாள் காணாமல் போனார்கள். சித்திரை வெயிலில் சுவர் வெளுத்துவிட்டது. பேச்சு இல்லாத அந்த இடக்கரைக்காரர் தன் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து சாக்கு நனைத்துப் போட்டார். நானும் போய் ஒரு பக்கம் சாக்கைப் பிடித்தேன். இட்டேரி பற்றி இன்னும் பேசவில்லை.

அந்த ஐப்பசியில் நிரம்பியது. முதல் வரத்திலேயே அணையிலிருந்து கரையை ஒட்டிப் போகிற இடப்பக்கச் சிறகுச் சுவரின் முடிவில் கரை மண் ஒரு வண்டி அளவுக்கு அரித்துக்கொண்டு போனது. கல் அடுக்கிச் சரிசெய்தார்கள். இடக்கரைக்காரர் கிணற்றில் பன்னிரண்டு அடி ஏறியது. என் கிணற்றில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் நீர், பாறையின் வெடிப்பு போகிற வழியில்தான் போகும், பள்ளம் போகிற வழியில் போகாது. ஒரு வருஷம் கழித்து என் கிணற்றில் ஊற்று கொஞ்சம் கூடுதல் நாள் நிலைக்கிற மாதிரி இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷம் வேறு, அதனால் அணைக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

போன பருவத்தில் முதல் வரத்து ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது. குடையும் டார்ச்சுமாகப் போய்ப் பார்த்தேன். திறந்த மதகு வழியாகச் செந்நீர் பீறிக்கொண்டு போனது. கீழூர்ப் பெரியவருக்குப் போன் போட்டேன்.

"பாத்துட்டுத்தான் இருக்கறேன் தம்பி, குளத்துக்கு வந்துருச்சு. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் டிவிஎஸ் ஐம்பதில் சாவியோடு வந்து இறங்கினார். மதகை இறக்க ரெண்டு பேர் வேண்டும். நான் ஒரு பக்கம் பிடித்தேன், இடக்கரைக்காரர் இன்னொரு பக்கம். திருகு துருப்பிடித்திருந்தது. "அடுத்த வாட்டி கிரீஸ் வாங்கிட்டு வரோணும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சாவியை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினார்.