மூன்றடித் தொட்டியில் கடல்நீர்: சென்னையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025

கடல்மீன் வளர்க்கும் தொட்டி இன்று ஸ்டாண்டில் ஏறியது. 36 × 18 × 18 அங்குலம், 10 மி.மீ. கண்ணாடி. ஸ்டாண்டுக்குள் 24 × 12 × 12 அங்குலத்தில் ஒரு சம்ப், அதாவது நீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி. கல், மணல் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் இரண்டிலும் சேர்த்து சுமார் 180 லிட்டர் தண்ணீர் ஓடும். முதன்முதலாக வைப்பவர்கள் சின்னத் தொட்டியில் தொடங்குவதுதான் எளிது என்று நினைக்கிறார்கள். கடல்நீரில் அப்படியில்லை. தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். பவளத்திட்டு மீன்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் பழக்கமே இல்லை.

மொத்த எடை 300 கிலோவுக்குப் பக்கம் வரும். நடு ஹாலில் வைக்காமல் சுவரோரம், பீம் போகும் பக்கம் வைப்பது நல்லது. மேற்கு ஜன்னல் வெயில் படவே கூடாது.

சம்ப் வைப்பவர்கள் தவறாமல் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கரண்ட் போய்ப் பம்பு நின்றால் மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். இந்த அகலத்துக்கு ஓர் அங்குலம் இறங்கினாலே 10 லிட்டருக்கு மேல். சம்பில் நாலு அங்குலம் காலியாக விட்டால் 19 லிட்டர் வரை தாங்கும். சம்பிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கட்டும். ஆழமாக விட்டால் பம்பு நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி இழுத்து வீட்டுத் தரையை நனைத்துவிடும். முதல் முறை நிரப்பியதும் சுவிட்சை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். ஒயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் கடல்நீர்த் தொட்டி வேண்டாம்.

பிப்ரவரி 8

தண்ணீர். பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. குடிநீர் இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலரோ, மினரல் கேட்ரிட்ஜோ இருக்கும். மெம்பரேனிலிருந்து நேராக வரும் குழாயில்தான் பிடிக்க வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிடலாம், அதில் டி.டி.எஸ். கூடுதல். பிறகு அதை, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியே விட்டால் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும். 1 அல்லது 2 வந்துவிட்டால் ரெசினை மாற்றும் நேரம். மீட்டர் ஏறுவதற்கு முன்பே சிலிக்கேட் கசியத் தொடங்கிவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். சேமிக்கும் டிரம்மில் பித்தளைக் குழாய் கூடவே கூடாது. அதிலிருந்து இறங்கும் துளித் தாமிரமே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

அடுத்தது உப்பு. "தூத்துக்குடி உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே, ஏன் ஆகாது?" என்று கேட்பவர்களுக்கு உப்பளமே பதில் வைத்திருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சமையல் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கசப்பு நீரில் தங்கி, உப்பை வாரிய பின் வெளியே போகின்றன. கையில் கிடைக்கும் கல்லுப்பு அநேகமாக சோடியம் குளோரைடு மட்டுமே. கடலைத் திரும்பக் கூட்ட அது போதாது. மீன் தொட்டிக்கென்றே வரும் செயற்கைக் கடல் உப்பு வேண்டும்.

லிட்டருக்கு 37 கிராம் கணக்கில் 180 லிட்டருக்கு 6.7 கிலோ வரும். பிராண்டுக்குப் பிராண்டு சற்று மாறும் என்பதால் 6.4 கிலோவில் நிறுத்தி, அளந்துவிட்டு மீதியைச் சேருங்கள். முதலில் தண்ணீர், அது சுழன்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். ஒருமுறை படிந்தது திரும்பக் கரையாது. ஒரு நாள் முழுக்கச் சுழலட்டும்.

மெரினாவிலோ கோவளத்திலோ குடத்தில் மொண்டு வரலாமா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்தில் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோர நீரின் உப்பும் கணிசமாக இறங்கியிருக்கும்.

பிப்ரவரி 10

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இன்று 35 காட்டுகிறது, ஒப்படர்த்தி 1.026. கருவியை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் 0-க்குத் திருத்தினால் போதாது. 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை ஒரு சொட்டு வைத்துத் திருத்த வேண்டும். 0-வில் சரியாக இருக்கும் கருவி 35-இல் இரண்டு புள்ளி தவறுவது சாதாரணம்.

பிப்ரவரி 12

கல்லும் மணலும். பழைய புத்தகங்கள் 'லைவ் ராக்' என்று பவளத்திட்டிலிருந்து பெயர்த்த, உயிருள்ள பாறையைச் சொல்லும். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது, அடைபட்டதும் நியாயமே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள் சேர்ந்தன. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அந்தப் பட்டியலில் வந்தன. ராமேஸ்வரம் கடைத்தெருவில் யாராவது ரகசியமாக நீட்டும் செத்த பவளக் கட்டைக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் திட்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தே ஏராளம் அழிந்தவை. ஒரு வீட்டுத் தொட்டிக்காக இன்னொரு துண்டு அங்கிருந்து பெயர்வதை ஏற்க முடியாது.

இந்தத் தொட்டியில் நுண்துளைகள் நிறைந்த செராமிக் கல் 12 கிலோ. கற்களைச் சுவரில் ஒட்டாமல், பின்னால் நீர் ஓட இடம்விட்டு அடுக்கியாயிற்று. கல்லை முதலில் கண்ணாடிமேல் நிறுத்தி, பிறகுதான் மணல். மணல்மேல் நிறுத்தினால் மீன் தோண்டத் தோண்ட ஒருநாள் சரிந்துவிடும். சுண்ணாம்பு வகையான அரகோனைட் மணல் 15 கிலோ, ஓர் அங்குல ஆழம். ஆற்று மணலில் சிலிக்கா. நம் கரையோர மணலில் இரும்பு கலந்த கருமணல். இரண்டும் ஆகாது.

பிப்ரவரி 14

நைட்ரஜன் சைக்கிள் தொடக்கம். மீன் கழிக்கும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இரண்டு கூட்டமும் கல்லின் துளைகளில் குடியேறும்வரை மீன் கிடையாது. "நாலு மோலி மீன் விட்டு சைக்கிள் பண்ணுங்க" என்று சில கடைகளில் சொல்வார்கள். செவுள் வெந்து சாகும் மீனை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இல்லை இது.

அம்மோனியம் குளோரைடு போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் அதே பொருள்தான். ஆனால் இங்கே ஆய்வகத் தரத்தில் தூய்மையானது வேண்டும். 180 லிட்டருக்கு 1.1 கிராம் கரைத்தால் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அமோனியா. கூடவே பாட்டில் பாக்டீரியா. விளக்கு அணைந்தே இருக்கட்டும். சம்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டாயிற்று, அதிலும் பாக்டீரியா குடியேறட்டும்; புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் குவாரண்டைன் தொட்டிக்காக.

பிப்ரவரி 27

அமோனியா 0.25. நைட்ரைட், சோதனைக் கிட்டின் உச்ச நிறத்தில். பொறுமை சோதிக்கப்படும் கட்டம் இது; இரண்டாவது கூட்டம் எப்போதும் மெதுவாகத்தான் பெருகும். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி எதுவும் செய்ய வேண்டாம்.

மார்ச் 12

மணலும் கல்லும் பழுப்பு. டயாட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டியின் சிலிக்கேட்டைத் தின்று வளர்கிறது. தீர்ந்தால் தானே போகும். மருந்து ஊற்றாதீர்கள், கல்லைக் கழற்றிக் கழுவாதீர்கள்.

மார்ச் 20

நேற்று மறுபடி 2 பி.பி.எம். அமோனியா சேர்த்தது, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் 0. சைக்கிள் முடிந்தது. நைட்ரேட் 40 இருந்ததால் பாதித் தண்ணீர் மாற்றம்.

மார்ச் 23

இரண்டு கோமாளி மீன்கள், குவாரண்டைன் தொட்டிக்குள். கடலில் பிடித்தவை வேண்டாம். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமே உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்தது முதல் நாளிலேயே பெல்லட் தீனி தின்னும். வாங்கும்போது கடைக்காரரிடம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள்; தின்னாததை வாங்காதீர்கள். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக எடுங்கள். எல்லாம் ஆணாகவே வளரும், பெரியது பெண்ணாகும். இரண்டும் ஒரே அளவென்றால் சண்டை நீளும்.

கடைகளில் ஒப்படர்த்தி 1.018, 1.020 என்று குறைவாக வைப்பது வழக்கம். பை நீரை அளந்து, குவாரண்டைன் தொட்டியையும் அதே அளவில் வைத்துவிட்டு, பிறகு நாளுக்கு 0.002-க்கு மேல் போகாமல் உயர்த்தலாம். வெகுதூரம் பையில் வந்த மீனுக்கு, தொட்டி நீரை மணிக்கணக்கில் பைக்குள் சொட்டு விட்டுப் பழக்குவது ஆபத்து. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அமோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறி அது நஞ்சாக மாறும். பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, பை நீரைக் கொட்டி, மீனை மட்டும் மாற்றுவதே சரி.

குவாரண்டைன் தொட்டி 45 லிட்டர்: மீன் ஒளிய பி.வி.சி. எல்போ குழாய் இரண்டு, சம்பில் பழகிய ஸ்பாஞ்ச், ஏர் பம்ப். கல், மணல் கிடையாது. அவை தாமிரத்தை உறிஞ்சும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்குக் கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) தாமிரம், இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றி 2.0 முதல் 2.5 பி.பி.எம். வரை, 30 நாள். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றும் பழைய வழக்கம் வேண்டாம்; ஒட்டுண்ணி சாகும் அளவுக்கும் மீன் சாகும் அளவுக்கும் அதில் இடைவெளி மிகக் குறைவு. தாமிரம் இருக்கும் நீரில் அமோனியா நீக்கும் மருந்தையும் சேர்க்கக் கூடாது.

இதைத் தாண்டி நேரே பெரிய தொட்டியில் விட்டு, அங்கே வெள்ளைப்புள்ளி வந்துவிட்டால், மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒட்டுண்ணி சாகும்வரை 76 நாள் தொட்டியை மீனில்லாமல் வைக்க நேரும்.

ஏப்ரல் 19

மதியம் தொட்டி 30.9 டிகிரி. 25 முதல் 27 வரை நல்லது, 28 தாங்கும். 35 பி.பி.டி. உப்புள்ள நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30-இல் 6.2 தான். சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது.

மூடியை எடுத்து வலை போட்டாயிற்று (கோமாளி மீன் துள்ளும்). நீர்ப்பரப்பில் சாய்வாக இரண்டு ஃபேன். 28.4-க்கு இறங்கியது. கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் மாலைகளில் ஃபேன் ஒன்றரை டிகிரிக்கு மேல் குறைக்காது. பவளமில்லாத இந்தத் தொட்டிக்கு ஏ.சி. அறையும் ஃபேனும் போதும், இல்லையென்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர். அதன் சூட்டுக்காற்று ஸ்டாண்டுக்குள்ளேயே சுற்றக் கூடாது. ஐஸ் பாட்டில் வேண்டாம், ஏறி இறங்கும் வெப்பம் நிலையான சூட்டைவிடக் கெடுதல்.

ஃபேன் ஓடினால் நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது. நாலு நாள் கவனிக்காமல் விட்டால் 35 என்பது 38-ஐத் தாண்டும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ.-டி.ஐ. நீர் மட்டுமே. சம்பின் கடைசி அறையில் டேப்பால் ஒரு கோடு. காலையும் மாலையும் அந்தக் கோடுவரை.

ஏப்ரல் 27

மீன்கள் பெரிய தொட்டிக்கு வந்தன. விளக்கு அணைத்தே. தீனி நாளுக்கு இருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கோமாளி மீன் கடலில் அண்டி வாழும் அனிமோன் இப்போது வேண்டாம். அதற்கு முதிர்ந்த தொட்டியும் பலமான வெளிச்சமும் தேவை. கோமாளி மீனுக்கு அது இல்லாமலே குறையொன்றும் இல்லை.

மே 11

வாரத்துக்கு ஒருமுறை 18 லிட்டர் மாற்றம்: 670 கிராம் உப்பு, முந்தைய நாளே கலந்தது, அதே வெப்பம், அதே 35. கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரின் கோப்பைக் கழுத்தை இரண்டு நாளுக்கொருமுறை துடைக்க வேண்டும். பிசுக்கு ஏறினால் நுரை மேலே வராது. அழுக்கைப் பிடிக்கும் ஃபில்டர் சாக்கை (துணிப் பை) மூன்று நாளுக்கொருமுறை மாற்றி, சோப்பு போடாமல் அலச வேண்டும்.

நைட்ரேட் 10, ஆல்கலினிட்டி (பி.எச். இறங்காமல் தாங்கும் திறன்) 8.4 டி.கே.எச்.

நேற்றிரவு இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியது. கோடையில் நீரோட்டம் நின்றால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன், ஆகவே இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஸ்டாண்டுக்குள்ளேயே வைத்திருங்கள். மாதம் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். கரண்ட் திரும்பியதும் ஸ்கிம்மர் சிலசமயம் பொங்கி வழியும். அரை மணி நேரம் அதை நிறுத்திவைத்துப் பிறகு போடலாம்.

நைட்ரேட் கிட்டில் காலாவதி தேதி ஜூன். புதியதற்குச் சொல்லியாயிற்று.