பேரிங் போயிருச்சு, தம்பி

"தம்பி, காடியை ஓரமா நிறுத்துங்க. முன் வீல் பேரிங் போயிருச்சு."

மலேசியாவில், ஈப்போவில் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வி-பெல்ட் வாங்கிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சொன்னவர் எங்கள் ஃபோர்மன் அண்ணன். ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். பதினோராம் நாள் அது நின்றிருக்கும். அப்பேர்ப்பட்ட காது. பதறிப்போய் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வண்டி அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இது பாட்டுங்கண்ணா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. சரி என்று பாட்டின் பெயரையும் சொன்னேன்: 'சம்வாட் டேமேஜ்ட்'. கொஞ்சம் பழுது என்று வைத்துக்கொள்ளலாம். "அதான் பேர்லயே போட்டிருக்கானே" என்றார்.

நைன் இன்ச் நெயில்ஸ் என்கிற அமெரிக்க ராக் குழுவின் 'தி ஃப்ரஜைல்' ஆல்பத்தின் முதல் பாட்டு அது. 1999 செப்டம்பரில் வந்தது. இரண்டு குறுந்தகடு, 23 பாட்டு, நூறு நிமிடத்துக்கு மேல். ஒன்றுக்கு 'இடது', மற்றதற்கு 'வலது' என்று பெயர். 1994இல் வந்த முந்தைய ஆல்பத்துக்குப் பிறகு அந்தக் குழுவின் தலைவர் டிரென்ட் ரெஸ்னர் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டு செய்தது. அவருடைய நியூ ஆர்லியன்ஸ் ஸ்டுடியோ முன்பு பிணத்தை வைத்து இறுதிச் சடங்கு செய்கிற இடமாக இருந்ததாம். முதல் வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், 2,28,000 பிரதி. அடுத்த வாரம் பதினாறாம் இடம். ஆடித் தள்ளுபடிக்கு வந்த கூட்டம் மாதிரி வந்து போய்விட்டார்கள். நூறு நிமிடம் உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எனக்கு இருந்தது. கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டல், சீனியர் ஒருவரின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர். பாட்டுக்கு எண் கிடையாது, எல்லாம் ஆங்கில அகரவரிசையில் கிடந்தன. 'கம்ப்ளிகேஷன்'தான் முதல் பாட்டு என்றே பல வருடம் நம்பியிருந்தேன். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று வரிசைப்படுத்த மட்டுமே பாப் எஸ்ரின் என்கிற பெரிய தயாரிப்பாளரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். நாங்கள் அதை ரேஷன் கார்டு பட்டியல் மாதிரி கேட்டிருக்கிறோம். 'லா மெர்' என்று ஒரு பியானோ பாட்டு இடது தட்டின் கடைசிக்கு முந்தையது. அதே மெட்டு வலது தட்டில் 'இன்டு தி வாய்ட்' பாட்டுக்குள் திரும்பி வரும். எங்கள் ஃபோல்டரில் எதிரொலி முதலில் வந்தது, கூப்பிட்ட குரல் அப்புறம்தான் வந்தது.

இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஊரும் அந்த வேகம்தான். சுற்றிலும் செம்பனை. வயதானவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே, "முன்ன இது பூரா கித்தா மரம் தம்பி" என்பார்கள். கித்தா என்றால் ரப்பர். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்க, "இன்னும் பசியே எடுக்கலைங்க" என்றேன். காலைப் பலகாரம் ஆயிற்றா என்பதுதான் கேள்வி என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நான் சாப்பிடாத ஆள் என்று பரிதாபப்பட்டு ஒரு வாரம் நாசி லெமாக் வந்துகொண்டிருந்தது. நானும் திருத்தவில்லை.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. காடி என்றால் கார், வெள்ளி என்றால் ரிங்கிட், தே தாரிக் டீயில் சர்க்கரை குறைத்துக் கேட்டாலும் குறையாது. எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில்லை. நாக்கு மட்டும்தான் அப்பப்போ கோயமுத்தூர் அன்னபூர்ணா ஓட்டல் சாம்பாரைக் கேட்கும். நாக்கு கேட்டால் மூக்கும் கேட்கும், அப்புறம் அந்தச் சாயங்காலம் முழுக்க நான் காந்திபுரத்தில்தான் இருப்பேன்.

ஆலைச் சத்தம் எனக்குப் புதிதில்லை. சிங்காநல்லூரில் மில் சங்கு ஊதினால்தான் வீட்டில் அடுப்பு பற்றும். அப்பா நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓடுகிற கூடத்திலேயே காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். மில்லை மூடின பிறகும் அந்த நேரத்துக்கு எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி, எழுந்து உட்கார்ந்துவிடும். "சங்கு ஊதிருச்சு, கண்ணு." எந்தச் சங்கு?

இங்கே சங்குக்குப் பதில் நீராவி. செம்பனைக் குலையை வெட்டி ஒரு நாளுக்குள் அவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். இரும்புக் கூண்டுகளில் ஏற்றி உருளைக்குள் தள்ளிக் கதவை அடைத்து நீராவி விடுவோம். அழுத்தம் ஏறும், திறந்துவிடுவோம். மறுபடி ஏறும், மறுபடி திறந்துவிடுவோம். மூன்றாம் முறை ஏற்றி, அப்படியே பிடித்து வைப்போம். மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 'தி ஃப்ரஜைல்' கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். அதுவும் அப்படித்தான். சுவர் மாதிரி கிடார் எழும்பும், சட்டென்று ஒரு பியானோ மட்டும் மிஞ்சும், மறுபடி சுவர். நைட் ஷிப்டில் ஒரு அவிப்பு முடிய ஏறத்தாழ ஆல்பமும் முடியும். இதை 'இண்டஸ்ட்ரியல் ராக்' என்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் பாய்லர் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்கள்?

ஆனால் தனியாகக் கேட்டால் எவ்வளவுதான் கேட்பது. ஹாஸ்டலில் சண்டை போடவாவது ஆள் இருந்தது. இங்கே நான் பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியே, "தம்பி, மின்னல் எஃப்எம் வருதா உங்க வீட்ல?" என்று இங்குள்ள தமிழ் வானொலியைச் சொல்லி நாசூக்காகக் கேட்பார்.

அன்றைக்கு ரோட்டோரத்தில் அண்ணன் இறங்கவில்லை. "சரி, ஓடட்டும். என்னாதான் வாசிக்கறான்னு பார்ப்போம்" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அவர் உறுமி மேளக் குழுவில் இருப்பவர். இந்த ஊர்ப்பக்கம் கல்யாணம், தைப்பூசம், சாவு எதுவானாலும் உறுமி இல்லாமல் நடக்காது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அதை முனக வைக்கிற வித்தை தெரிந்தவர். பழுதான முதல் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். "தேய்க்கறான். நம்மாளு மாதிரியே தேய்க்கறான்."

இரண்டாவது பாட்டு, 'தி டே தி வேர்ல்ட் வென்ட் அவே'. உலகமே போய்விட்ட நாள். கிடார் இடிந்து விழும், நிற்கும், மெதுவாகக் குரல் வரும், கடைசியில் வார்த்தையே இல்லாமல் பல குரல்கள் சேர்ந்து இழுக்கும். அண்ணனின் விரல் தொடையில் தாளத்தைத் தேடிக்கொண்டே இருந்தது.

"எங்க தம்பி மேளம்?"

"இதுல மேளமே கிடையாதுங்கண்ணா. சாவுப் பாட்டு."

"சாவுக்கு மேளம் இல்லாம எப்படி?"

ரெஸ்னரின் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், பென்சில்வேனியாவில் மெர்சர் என்ற சின்ன ஊரில் அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டிதான் அவரை வளர்த்தது, அந்தப் பாட்டிக்குத்தான் இந்த ஆல்பத்தைச் சமர்ப்பித்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

போன வருடம் அம்மாயி போனபோது நான் நைட் ஷிப்டில் இருந்தேன். கோலாலம்பூர் போய், திருச்சிக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து பஸ். "அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாது கண்ணு, எடுத்தர்றோம்" என்றார் மாமா. தம்பி வீடியோ காலில் காட்டினான். ஆலைக்குள் சிக்னல் ஒரு கோடுதான். படம் நகர்ந்தது, சத்தம் வரவில்லை. பறை அடிப்பவர்களின் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அம்மாயி தெருமுனை திரும்பியது.

இதை அண்ணனிடம் எவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்த சின்னப் பியானோ துண்டும் முடிந்த பிறகு, "முதல்ல இருந்து போடுங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை உறுமியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் பாட்டுக்குச் சேர்ந்து தேய்த்தார். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது, அக்கா ஜன்னலைச் சாத்தினார். இரண்டாவது பாட்டு வந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"வாசிங்கண்ணா."

"இல்ல தம்பி. இது தெரியாம விட்டதில்ல. வேணும்னே காலியா விட்டிருக்கான். அதுல நான் பூந்து வாசிக்கக் கூடாது."

எத்தனையோ பேர் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதி நான் படித்திருக்கிறேன். உறுமியை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதுவும் ஞாபகம் வரவில்லை.

போன வாரம் ஈப்போ போகும்போது காரில் பாட்டே போடவில்லை. அண்ணன் அரைத் தூக்கத்தில் இருந்தார். ஆனாலும் உர்ரென்று அடியிலிருந்து ஒரு சத்தம். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "முன் வீலு. இடது பக்கம்" என்றார். "அப்பவே சொன்னேன்ல."

பட்டறையில் கழற்றிப் பார்த்தால் இடது முன் பேரிங்தான். கூலியோடு இருநூற்றுச் சொச்சம் வெள்ளி. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நின்றேன். "என்னா தம்பி யோசனை?" என்றார் அண்ணன். ஒன்றுமில்லை என்றேன். ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.