தவறான இடத்தில் விழும் கிளிக்

பாயிண்ட் அண்ட் கிளிக், அதாவது திரையில் தெரியும் பொருள்களைக் கிளிக் செய்து கதையை நகர்த்தும் விளையாட்டை ஆடுகிறவர் பெரும்பாலான நேரம் தேவையில்லாத பொருளைத்தான் தொட்டுக்கொண்டிருப்பார். கதவைத் திறக்கும் சாவி ஒன்றே ஒன்றுதான். அது கைக்கு வருவதற்குள் கட்டில், கெட்டில், காலண்டர், குப்பைத்தொட்டி என்று எல்லாவற்றையும் கிளிக் செய்து பார்த்துவிடுவார். அந்தக் கிளிக்குகளுக்கு விளையாட்டு சொல்லும் பதில்களில்தான் கதையே இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நடந்த கேம் ஜாமில் ஒரு குட்டி அறிவியல் புனைவு மர்ம விளையாட்டைச் செய்தபோது எனக்கு இது நன்றாக உறைத்தது.

கொடுத்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டை முழுதாகச் செய்து முடிப்பதுதான் கேம் ஜாம். லுடும் டேர் 2002இலும் குளோபல் கேம் ஜாம் 2009இலும் தொடங்கி இந்த வழக்கத்தை உலகெங்கும் பரப்பின. 48 மணி நேரம் என்பது பலரும் வைக்கும் கெடு, எங்களுக்கும் அதுதான். நிரல் எழுத ஒருவர், படம் வரைய ஒரு மலாய்த் தோழி, வசனத்துக்கும் புதிர்களுக்கும் நான். தமிழில் செய்வோம், ஆங்கிலத்தைக் கீழே துணைவரியாகப் போடுவோம் என்று கேட்டேன். இருவருமே உடனே சரி என்றார்கள்.

களத்துக்கு அதிகம் அலையவில்லை. சிங்கப்பூரின் ஜூரோங் தீவுக்கு அடியில், சுமார் 130 மீட்டர் ஆழத்தில், எண்ணெய் சேமிக்கும் பாறைக் குகைகள் 2014இல் திறக்கப்பட்டன. கடலைத் தூர்த்து நிலம் சேர்த்த ஊர், பிறகு பாறைக்குள்ளும் இடம் தேடி இறங்கியது. அதை நூறு வருடம் எதிர்காலத்துக்குத் தள்ளி, குகைக்குள் ஆள் தங்கி வேலை பார்க்கும் பராமரிப்பு நிலையம் ஒன்றை வைத்தோம். அங்கே பணியில் இருந்தவரைக் காணவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் மட்டும்தான். நிலையத்தின் கணினியும் "ஒருவர்தான் இருந்தார்" என்கிறது.

ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வேறு கணக்குச் சொல்லும். சராசரி மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இயந்திரத்தின் பதிவில் நாளுக்கு இரண்டு கிலோ. அப்படியானால் அங்கே மூச்சு விட்டது இரண்டு பேர். அந்த ஒரு கிலோ கணக்கைச் சுவரில் ஒட்டிய பாதுகாப்பு அறிவிப்பில் போட்டோம். துப்பு ஆடுபவரின் கண்முன்னே இருக்க வேண்டும். அவருக்குக் காட்டாத ஒன்றைக் கடைசியில் எடுத்து நீட்டுவது மர்மக் கதையில் நியாயமே இல்லை.

1987இல் வந்த மேனியாக் மேன்ஷன் என்ற விளையாட்டில் திற, தள்ளு, எடு என்று வினைச்சொற்கள் திரையின் அடியில் வரிசையாக நிற்கும். எங்களுக்கு இருந்தது ஒரே கிளிக். அதனால் பாரம் முழுவதும் பதில் வரிகள்மேல் விழுந்தது. கணினியின் குரலில் எழுதினேன். கட்டிலைத் தொட்டால், "படுக்கை. ஒருவருக்குப் போதும்." சுத்திகரிப்பு இயந்திரத்தைத் தொட்டால், "பராமரிப்பில் உள்ளது. வேறு எதையாவது பாருங்கள்." மறுபடி தொட்டால், "ஏன் அதையே பார்க்கிறீர்கள்?" எதையோ மறைக்கிறது என்பது அந்த அவசரத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த வரிகள் திரையில் தட்டச்சு போல ஒவ்வொரு எழுத்தாக விழ வேண்டும் என்பது என் ஆசை. விளையாட்டு செய்ய நாங்கள் எடுத்த மென்பொருளான, 2023இல் வந்த கோடோ 4இல் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். முந்தைய பதிப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆனால் புதியதிலும், வாக்கியத்தை ஒவ்வொரு குறியீடாக அவிழ்க்கும்போது 'கொலை' என்ற சொல்லில் முதலில் 'க' வரும். அடுத்த நொடி இடப்பக்கம் ஒரு கொம்பு முளைத்து அந்தக் 'க'வை வலப்பக்கம் தள்ளிவிடும். மெய்யெழுத்துகள் புள்ளியில்லாமல் வந்து பிறகு புள்ளி வைத்துக்கொள்ளும். பயம் வரவேண்டிய இடத்தில் எழுத்து துள்ளினால் பயம் போய்விடும். முழுச் சொல்லையும் முதலில் வடிவமைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும்படி அமைப்பை மாற்றியதும் வரிகள் அசையாமல் விழுந்தன. நடு இரவில் அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரிது. தமிழில் விளையாட்டு செய்கிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இசைக்குக் காற்றாடியின் இரைச்சல் ஒன்றே போதுமாயிற்று.

மறுநாள் காலை எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா வந்தார். விளையாட்டு தமிழில் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். "நீங்க ஆடிப் பாருங்கக்கா" என்று மவுஸைக் கொடுத்தேன். நாங்கள் பளிச்சென்று காட்டியிருந்த இயந்திரத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேராகச் சமையல் மூலைக்குப் போய் அலமாரியைக் கிளிக் செய்தார். "தட்டுகள்" என்றது கணினி. மறுபடி கிளிக். அதே பதில்.

"தம்பி, ஆளு ஒருத்தர்தானே? அப்புறம் எதுக்குத் தட்டு ரெண்டு கழுவிக் கவுத்தி வச்சிருக்கு?"

தோழி அலமாரி வெறுமையாகத் தெரியக் கூடாதென்றுதான் இரண்டு தட்டு வரைந்திருந்தார். நாங்கள் கிலோ கணக்கில் கட்டிய புதிருக்கு, ஒவ்வொரு நாளும் பிறர் புழங்கிய இடத்தை ஒழுங்குசெய்கிற ஒருவர் வேறு வாசல் திறந்துவிட்டார். உடனே மூன்று வரிகள் எழுதினேன். முதல் கிளிக்குக்கு "தட்டுகள்." இரண்டாவதுக்கு "விருந்தினருக்காக." மூன்றாவதுக்கு "இங்கே விருந்தினர் யாரும் வந்ததில்லை." கணினி தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும் இடம் அதுவாயிற்று. நன்றிப் பட்டியலில் பெயர் போடலாமா என்று அக்காவிடம் கேட்டோம், போடச் சொன்னார்.

கெடு நெருங்கியபோது, திட்டமிட்ட இன்னொரு அறையைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தைப் பதில் வரிகளுக்குக் கொடுத்தோம். புதிய அறை என்றால் படம், கதவு, புதிர் எல்லாம் வேண்டும். வரி எழுத நானும் ஒரு கோப்பியும் போதும்.

இப்போது அலுவலகத்தில் கிடங்குப் பாதுகாப்புக்கான பயிற்சி விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். தவறான தேர்வுக்கு "மீண்டும் முயலுங்கள்" என்று ஒரே வரி போடுவதுதான் வழக்கம். ஏணியைத் தவறான இடத்தில் சாய்த்தவருக்கும் தலைக்கவசத்தை மறந்தவருக்கும் வெவ்வேறு பதில் கிடைக்க வேண்டும் என்று திட்ட அட்டவணையில் தனி நேரம் கேட்டேன். மேலாளர் கொடுத்துவிட்டார். ஏணிக்கான வரிகளை எழுதுமுன் கிடங்கில் வேலை பார்க்கும் அண்ணன்மாரிடம் மவுஸைக் கொடுத்து, அவர்கள் முதலில் எதைத் தொடுகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.