கோலம் கரைத்த கார்

"இன்னும் சூடாகவில்லை தம்பி" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

பத்து நிமிடமாக அவர் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மார்கழிக் காலை. அவருக்குக் காது மறைய மப்ளர்.

புகைக்குழாய்க்கு நேர் கீழே அண்ணி போட்ட கோலம். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, ஓரத்துத் தாமரையின் ஓர் இதழ் மட்டும் கரைந்துகொண்டிருந்தது.

சோக் இழுத்துக் கிளப்பிய அம்பாசிடர் காலத்துப் பழக்கம் இது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் குளிரில் முரண்டு பிடிக்கும், காத்திருந்தாக வேண்டும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. நம் ஊர்க் குளிருக்கு அரை நிமிடம் போதும். பிறகு நிதானமாக ஓட்டினால்தான் எஞ்சின் சீக்கிரம் சூடாகும்.

வேடிக்கை என்னவென்றால், இதே அண்ணன் தெருமுனை தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதிப்பார். முள் நடுவுக்கு வந்துவிட்டதாம்! அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் சில கிலோமீட்டர் ஆகும். கெடிலம் பாலம் தாண்டும் வரையாவது பொறுக்கலாம்.

சொன்னேன்.

"நீ கார் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அண்ணி கோலமாவு டப்பாவுடன் வெளியே வந்தார்.